சப்வூஃபரும் ஸ்பீக்கரும் ஒத்துப்போக

நம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனியே ஒரு மெட்டுப் பாடிக்கொண்டே வரும். அதன் தடித்த தந்தியின் ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். சிறிய ஸ்பீக்கர்கள் பலவும் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே நலிந்துவிடும். அக்குறையை நிரப்பவே சப்வூஃபர். வீட்டை அதிரவைக்க அல்ல. கடையடைத்து வந்து பாட்டுக் கேட்கும் நாம் கவனிக்க வேண்டியவை நான்கு.

1. கிராஸ்ஓவர்: 80 ஹெர்ட்ஸில் தொடங்குவோம். மிகவும் ஏற்றினால் ஆண் குரலும் பெட்டிக்குள் இறங்கிவிடும்.

2. இடம்: சுவர் மூலையில் ஓசை கூடும், ஆனால் சில சுரங்கள் மட்டும் வீங்கிக் கேட்கும். முன்பக்கம், ஸ்பீக்கர்களுக்கு அருகில் வைத்துப் பார்ப்போம்.

3. ஃபேஸ்: நாம் வழக்கமான இடத்தில் அமர்ந்து, வேறொருவரைப் பொத்தானை மாற்றிப் போடச் சொல்வோம். தாழ்ந்த சுரம் நிறைவாகக் கேட்கும் நிலையே சரி. மாறியிருந்தால் ஒன்றின் ஒலியை மற்றொன்று தின்றுவிடும்.

4. அளவு: பழகிய பாட்டைப் போட்டு, மெல்ல ஏற்றுவோம். பெட்டி தனியாகக் கேட்டால் அதிகம். அணைத்ததும் பாட்டு மெலிந்தால் அதுவே சரியான எடை.

விலை கூடிய பெட்டிக்குப் பணம் போடுமுன், இருப்பதை இப்படிச் சீர்செய்து பார்ப்போம். கைப்பணமும் மிஞ்சும், அண்டை வீட்டார் தூக்கமும் கெடாது.