பளபளக்கும் பழைய லேப்டாப்: பில்லில் என்ன எழுதியிருக்கிறது?

ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது மனசு நிறைந்துவிடும். புதிதாக வந்தபோது லட்சத்தைத் தாண்டிய மெஷின், இப்போது அதில் பாதிக்கும் கீழே. மூடியில் புது ஸ்கின், துடைத்துப் பளிச்சென்று வைத்த கீபோர்டு, பட்டனை அமுக்கியதும் எழுந்து வரும் விண்டோஸ். இந்தச் சந்தோஷத்தைத் தருபவை எல்லாமே கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் செய்துவிடக்கூடியவை. உள்ளே இருக்கும் பிராசஸரும் பேட்டரியும் என்ன நிலையில் இருக்கின்றன என்பது, வேலை கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ரீஃபர்ப் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைன் தளங்களிலும் விற்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் ரகங்களில் பல, கம்பெனிகள் சில வருடம் லீஸில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தவை. கட்டுமானத்தில் உறுதியானவை. இன்ஜினீயரிங், அனிமேஷன், வீடியோ எடிட்டிங் படிக்கும் பிள்ளைகளுக்கு, வீட்டு நிலைமைக்குள் நல்ல மெஷின் கிடைக்க இதுவே வழி. அதனால்தான் அவர்கள் ஏமாறுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

முதலில் ‘ஐ7’ என்ற ஸ்டிக்கர். ஏழாம் தலைமுறையின் மெல்லிய லேப்டாப்களில் வந்த ஐ7 பலவற்றுக்கு இரண்டே கோர்தான். அதற்கு அடுத்த எட்டாம் தலைமுறை ஐ5-க்கு நான்கு. ‘ஐ7’ என்று மட்டும் கேட்டு வாங்குபவர் அதிக விலை கொடுத்துக் குறைந்த வேகத்தை வாங்குகிறார். இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியலில், ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும் அநேகமாக இல்லை. இப்படி ஒதுக்கப்பட்ட மெஷின்கள்தான் மலிவு விலையில் வெளியே வருகின்றன. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் பிராசஸரின் முழுப் பெயரையும் எண்ணோடு கேளுங்கள்.

அடுத்தது சார்ஜர். இதை யாரும் கவனிப்பதில்லை. என் அக்கா மகன் கட்டட வரைபட வேலைக்காக, தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள பழைய ஒர்க்ஸ்டேஷன் ஒன்றை வாங்கினான். பிரவுசர், சினிமா எல்லாம் அருமையாக ஓடியது. முப்பரிமாண மாடலைத் திறந்து சுற்றிப் பார்த்தபோது, சில நிமிடங்களில் ஃபேன் இரைந்தது, திரை விட்டுவிட்டு நகர்ந்தது. பிராசஸரின் வேகம் 800 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் 65 வாட் என்று இருந்தது. அந்த மாடல் கேட்பது 180 வாட். போதிய மின்சாரம் வராவிட்டால் மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடையில் கேட்டதற்கு, “பின் சேருதுல்ல தம்பி, அப்புறம் என்ன?” என்றார்கள். பின் சேர்ந்தால் போதாது. அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வாட் கணக்கும் சேர வேண்டும்.

சார்ஜர் சரியாக இருந்தும் வேகம் இறங்கினால், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டோ தூசி அடைத்த ஃபேனோ காரணமாக இருக்கலாம். பேட்டரிக்கு விண்டோஸிலேயே ரிப்போர்ட் எடுக்கலாம். புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் அளவும் பக்கத்திலேயே தெரியும். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் காட்டிவிடும். டச்பேட் மேடாக எழும்பியிருந்தால் அடியில் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு உண்டு. தீப்பிடிக்கும் ஆபத்து அது. சார்ஜ் போடாமல் அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

பூட்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பயாஸில் பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு அப்படியே இருக்கலாம். இன்டர்நெட்டோடு இணைத்து விண்டோஸை முதலிலிருந்து அமைக்கும்போது ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு லாகின் பக்கம் வந்தால், அந்த மெஷின் இன்னும் அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது. மேக்புக்கில் ஆக்டிவேஷன் லாக்கும் அப்படியே. அது கணக்கிலிருந்து நீக்க மறந்ததாக இருக்கலாம், திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்ற முறையில் வாங்கி வைத்திருப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். பில் இல்லாமல் மலிவாக வாங்கியவரால் தன் பக்கத்தை நிரூபிப்பது கடினம்.

‘பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி மிச்சம்’ என்று கடையில் சொல்வார்கள். 18 சதவீதம் ஆசை காட்டும். மசியாதீர்கள். மாடல், சீரியல் நம்பர், பிராசஸரின் முழுப் பெயர், ரேம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு, வாரன்டி எத்தனை மாதம், பேட்டரிக்கும் சார்ஜருக்கும் அது பொருந்துமா என்பதெல்லாம் பில்லில் வர வேண்டும். ‘ஏ கிரேடு’ என்பது கடைக்குக் கடை மாறும், அதை வைத்து வழக்காட முடியாது. ‘ரீஃபர்பிஷ்டு’ என்று எழுதச் சொல்லுங்கள். பழையதைப் புதியது என்று விற்பது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47)-ஆம் பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. பில் தர மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்த பில்லைப் பார்த்துப் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாள் என்கிறது சட்டம். ஆனால் ‘பேட்டரி பலவீனம், இரண்டு ஹிஞ்ச் தளர்வு’ என்று பில்லில் எழுதியதைப் படித்து ஒப்புக்கொண்டு வாங்கினால், அந்தக் குறைகளுக்காகப் பிறகு வாதாடுவது கஷ்டம். அதேபோல், தன் லேப்டாப்பை ஒரு முறை விற்கும் தனிநபர் வியாபாரி அல்ல. அவர்மேல் நுகர்வோர் வழக்கு பொதுவாக நிற்காது.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் பதியலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. பழுது நீக்கித் தரவோ, வேறு மெஷின் தரவோ, பணத்தைத் திருப்பவோ, நஷ்டஈடு கொடுக்கவோ ஆணையம் உத்தரவிடலாம். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள், சீரியல் நம்பர் அதில் தெரியட்டும். பேட்டரி ரிப்போர்ட்டையும் எஸ்எஸ்டி விவரத்தையும் முதல் நாளே சேமித்து வையுங்கள். கடைக்காரர் போனில் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். கோளாறு தெரிந்ததும் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்து அடிமூடியைத் திறக்க வேண்டாம். ‘நீங்களே கழற்றிக் கெடுத்துவிட்டீர்கள்’ என்று கடை தரப்பு சொல்ல அது வழிவிடும்.