கூடாரத்துக்குள் பெய்த மழை

போன வருஷம் ஜனவரியில் ஊட்டியில் கூடாரம் போட்டுப் படுத்திருந்தோம். விடியற்காலை நான்கு மணி இருக்கும். அக்கா மகள் என்னை உலுக்கி எழுப்பினாள்.

"மாமா, மழை பெய்யுது. மூஞ்சியில சொட்டுது!"

வெளியே தலையை நீட்டினேன். வானம் முழுக்க நட்சத்திரம். ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

அந்தத் தண்ணீர் எங்கள் மூச்சிலிருந்து வந்தது. அது மயிலாப்பூர் மொட்டை மாடிக்காக வாங்கிய லேசான கூடாரம். ஒற்றைத் துணி, சுற்றிலும் வலை ஜன்னல். குளிருமே என்று ஜன்னல்களையெல்லாம் பிளாஸ்டிக் தாளால் அடைத்துவிட்டேன். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் 7 கிராம்தான். மிச்சம் எங்கே போகும்? ஜில்லென்ற கூடாரத் துணியில் துளியாகப் படியும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பதும் இப்படித்தான்.

ஊட்டி ஏன் அவ்வளவு குளிர்கிறது? மேலே ஏற ஏற, கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 14 டிகிரிக்கு மேல் வருகிறதா? சென்னையில் மார்கழி இரவு 21 டிகிரி என்றால், அங்கே ஏழுக்கும் கீழே. மேகமில்லாத இரவில் புல்தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் உறைபனியே படியும்.

சென்னை திரும்பியதும், குளிரை எப்படிச் சமாளிப்பது என்று காட்ட, அக்கா மகளை மெரினாவில் உள்ள ஐஸ் ஹவுசுக்குக் கூட்டிப்போனேன். இப்போது அது விவேகானந்தர் இல்லம். 1842 வாக்கில் அமெரிக்காவின் டியூடர் கம்பெனி, கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்கக் கட்டிய கட்டடம். மாதக்கணக்கான கடல் பயணத்தில் பனிக்கட்டி முழுசாகக் கரையாமல் காத்தது மரத்தூள். தூளின் இடுக்குகளில் அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெளிச் சூட்டை உள்ளே விடாத அதே காற்று, உள்ளே இருக்கும் நம் சூட்டையும் வெளியே விடாது. தூங்கும் ஒருவர் உடம்பு பழைய குண்டு பல்பு மாதிரி சுமார் 75 வாட் வெப்பம் தருகிறது. அதைப் பிடித்துவைத்தாலே போதும்.

கூடாரத்தைச் சரிசெய்ய, பாட்டியின் பழைய ஒன்பது கஜம் நூல் புடவையை எடுத்தோம். கூரைக்கு நாலு விரல் கீழே தொங்குகிற மாதிரி நாடா வைத்துத் தைத்தோம். நடுவில் அடைபட்ட காற்றுதான் எங்கள் மரத்தூள். சொட்டும் துளிகளையும் புடவை உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு, தி.நகரில் வாங்கிய துணியையும் வெல்க்ரோவையும் வைத்து ஜன்னல்களுக்குத் திரை தைத்தோம். மேலே ஒரு சாண் திறந்தே இருக்கும். ஈரக் காற்று அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். குளிர் கொஞ்சம் வந்தாலும் பரவாயில்லை. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். போர்வை நனைந்தால் பிறகு எதுவும் காப்பாற்றாது.

எல்லோரும் மறப்பது தரையைத்தான். முதுகுக்குக் கீழே போர்வை நசுங்கிவிடும், அதிலுள்ள காற்று ஓடிவிடும். அதனால் ஃபிரிட்ஜ் சுற்றி வந்த ஃபோம் ஷீட்டை இரண்டாக மடித்து விரித்து, மேலே கோரைப்பாய் போட்டோம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கூடாரத்துக்குள் மெழுகுவத்தி, அடுப்பு, கரி எதுவும் கூடாது. துணி பற்றிக்கொள்ளும். கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

இந்த ஜனவரியில் மறுபடியும் போனோம். விடிந்தபோது வெளியே புல்லெல்லாம் வெள்ளை. அவள் கையைத் தூக்கிப் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். பிறகு தன் கன்னத்தைத் தொட்டாள்.

"காஞ்சிருக்கு மாமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.