மூச்சில் சேரும் கல்தூசி

ஓய்வாக இருக்கும் ஒருவர் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் ஆகிறது. சம்மட்டி பிடித்துக் கல்லுடைக்கும்போது அதே ஆளுக்கு நாற்பது, ஐம்பது லிட்டர் தேவைப்படும். அவ்வளவு காற்றை மூக்கால் மட்டும் இழுக்க முடியாது என்பதால் வாயும் திறந்துகொள்கிறது. வரும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, பெரிய தூசியை முடியிலும் சளியிலும் பிடித்து வைப்பது மூக்கின் வேலை. வாயால் அது ஆகாது. ஆகவே உடம்பை வருத்தி உழைப்பவர் மற்றவர்களைவிடப் பல மடங்கு காற்றை, அதுவும் சரியாக வடிகட்டப்படாத காற்றை, நுரையீரலுக்குள் அனுப்புகிறார். கல் குவாரியிலும் கிரஷரிலும் கிரானைட் பாலிஷ் பட்டறையிலும் வரும் நோயின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்க, விலா எலும்புகள் விரிய, நெஞ்சுக்கூட்டில் இடம் பெருகிக் காற்று உள்ளே வருகிறது. மூச்சுக்குழாய் இரண்டாகி, அவை மேலும் இரண்டிரண்டாகி, ஏறத்தாழ 23 முறை கிளைத்துக் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. ஒருவரின் இரு நுரையீரல்களிலும் முப்பது கோடிக்குக் குறையாத நுண்ணறைகள் உண்டு. அவற்றை விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். ஒவ்வொரு நுண்ணறையையும் மெல்லிய இரத்த நாளங்கள் வலையாகச் சுற்றியிருக்கின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவிலுள்ள சுவர் ஒரு மைக்ரான்கூடத் தடிமன் இல்லாதது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். வெளியே வரும் காற்றில் சுமார் 16. இடையில் குறைந்த ஆக்சிஜன் நுண்ணறைச் சுவரைக் கடந்து, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு, இதயம் வழியாக உடலெங்கும் போகிறது. திசுக்களில் உண்டாகும் கரியமில வாயு இரத்தத்தோடு நுண்ணறைக்குத் திரும்பி வெளியேறுகிறது. ஓய்வில் இருக்கும்போது ஒரு சிவப்பணு நுண்ணறையை ஒட்டி ஓட எடுக்கும் நேரம் முக்கால் விநாடி. ஆக்சிஜன் ஏறிக்கொள்ள அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். மீதி நேரம் உடம்பு வைத்திருக்கும் சேமிப்பு. வேலை செய்யும்போது இரத்தம் விரைந்து ஓடுவதால் அந்த முக்கால் விநாடி சுருங்கும். சேமிப்பு அப்போது கைகொடுக்கும்.

நுண்ணறைச் சுவர் தடித்துப்போனால் முதலில் கரைவது இந்தச் சேமிப்புதான். உட்கார்ந்திருக்கும்போது எதுவும் தெரியாது. மாடிப்படி ஏறினால் இரைக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97, 98 என்று காட்டும். ‘ஒன்றுமில்லை, சத்துக்குறைவு’ என்று டானிக் எழுதித் தருவார்கள். உட்கார்ந்த நிலையில் எடுத்த அந்த எண்ணை வைத்து நுரையீரல் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

சுவரைத் தடிக்க வைப்பவற்றில் பழையதும் கொடியதும் சிலிக்கா. மணல், படிகக்கல், கிரானைட் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் படிகச் சிலிக்கா. கல்லாக இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. உடைக்கும்போதும் துளைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் தூசியில்தான் ஆபத்து. பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். அவற்றுக்குச் சற்றுச் சிறியவை மூச்சுக்குழாய்ச் சளியில் ஒட்டிக்கொள்ள, அங்குள்ள நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து மேலே தள்ளிவிடும். நான்கைந்து மைக்ரானுக்கும் குறைந்த துகள்களே நுண்ணறைவரை போகின்றன. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. கிரஷரில் வெள்ளைப் புகையாகத் தெரிவது பெரிய தூசி. அது அடங்கிய பிறகும் நுண்துகள் நெடுநேரம் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

நுண்ணறைக்குள் வரும் அந்நியப் பொருளை விழுங்கி அழிப்பதற்கென்றே காவல் அணுக்கள் இருக்கின்றன. சிலிக்காவை விழுங்கிய அணுவால் அதைச் செரிக்க முடியாது. அணுவே சிதைந்து சாகிறது. அது வெளியிடும் இரசாயனங்களால் வீக்கமும் தழும்பும் உண்டாகின்றன. விடுபட்ட துகளை அடுத்த காவல் அணு விழுங்க, அதுவும் சாகிறது. ஒரே துகள் இப்படி மீண்டும் மீண்டும் தழும்பை வளர்த்துக்கொண்டே போகும். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்பும் நோய் முற்றுவது இதனால்தான். புதிதாக உடைந்த சிலிக்காவின் வீரியம் பழைய தூசியைவிட அதிகம்.

இந்த நோய்க்குப் பெயர் சிலிக்கோசிஸ். மிதமான தூசியில் பத்து, இருபது ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு மெல்ல வருவது ஒரு வகை. தூசி அதிகமானால் ஐந்து முதல் பத்து ஆண்டுக்குள் வரும். கல்மாவு அரைக்கும் ஆலை, உயர் அழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி இரும்பைச் சுத்தம் செய்யும் வேலை போன்றவற்றில் சில மாதங்களிலேயே நுரையீரல் கெட்டு, ஓரிரு ஆண்டில் உயிர் போனவர்களும் உண்டு. தழும்பை அகற்றும் மருந்து எதுவும் கிடையாது. இருமலையும் இழுப்பையும் தணிக்கலாம், ஆக்சிஜன் தரலாம், காசநோய் வராமல் காக்கலாம், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-இல் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

தமிழர்களுக்கு இது புதிய நோயல்ல. கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் படிகப்பாறையைத் துளைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள். அங்கே இருமியே ஓய்ந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆற்றுமணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் வந்தபின் பாறையை மணலாக்கும் ஆலைகள் பெருகின. கோயம்புத்தூரின் பவுண்டரிகளில் வார்ப்பு அச்சுக்கு மணல்தான் மூலப்பொருள். வீடு கட்டுமிடத்தில் தண்ணீர் விடாமல் டைல்ஸும் கிரானைட்டும் அறுப்பவரும் இதே தூசியைத்தான் சுவாசிக்கிறார். சமையலறை மேடைக்கு இப்போது விரும்பி வாங்கப்படும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா 90 சதவீதம்வரை இருக்கும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது.

நோய் வெளியே தெரியாமல் போவதற்குப் பெரிய காரணம் காசநோய். இரண்டுக்கும் இருமல், எடைக்குறைவு, மூச்சிரைப்பு பொது. எக்ஸ்ரேயில் இரண்டுமே பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் நிழலாகத் தெரியும். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லாவிட்டாலும் டி.பி. மாத்திரை தொடங்கப்படுகிறது, குணமாகாவிட்டால் இன்னொரு முறை. மறுபுறம், சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு உண்மையாகவே காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஆகவே ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் தேட வேண்டும். நோயாளியிடம் என்ன தொழில் என்று கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு இத்தாலியின் ராமசினி எழுதியது 1700-இல். முன்னூறு ஆண்டு கடந்தும் பல புறநோயாளிச் சீட்டுகளில் தொழில் என்ற இடம் காலியாகவே இருக்கிறது. நோயாளியே ‘பன்னிரண்டு வருஷம் கிரஷரில் வேலை பார்த்தேன்’ என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். பிற்பாடு இழப்பீடு கேட்கும்போது அந்த ஒரு வரி பெரிய சாட்சி.

தடுக்கும் வழிகள் எளியவை, நெடுங்காலமாகத் தெரிந்தவை. துளைக்கும்போதும் அறுக்கும்போதும் தண்ணீர் விடுவது, கன்வேயரையும் சல்லடையையும் மூடுவது, தூசியை உறிஞ்சும் எந்திரம் வைப்பது, மணல் பீய்ச்சுவதற்குப் பதில் எஃகுக் குருணையைப் பயன்படுத்துவது. பிரிட்டன் 1949-லேயே மணல் பீய்ச்சுவதைத் தடை செய்தது. முகக்கவசம் கடைசி வழி. தலைத்துண்டை மூக்கில் கட்டுவதால் கண்ணுக்குத் தெரியும் தூசி குறையும். நுண்ணறைக்குப் போகும் துகள் தாராளமாக உள்ளே வரும். முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 அல்லது அதைவிட உயர்ந்த கவசம் வேண்டும். அதையும் முதலாளி வாங்கித் தர வேண்டுமே தவிர, கூலியில் பிடிக்கக் கூடாது. புகைபிடிப்பது நுண்மயிர்களை முடக்குவதால் கெடுதல் கூடும். ஆனால் ‘பீடிதான் காரணம்’ என்று தூசியை மறைக்கும் பேச்சுக்கு இடம் தரக் கூடாது.

சட்டத்தில் சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தொடங்கி, அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம் வரை இது மாறவில்லை. நோயைக் கண்ட மருத்துவர் தொழிற்சாலை ஆய்வு அதிகாரிக்குத் தெரிவிப்பது கடமை. நிர்வாகமும் தெரிவிக்க வேண்டும். இலவச மருத்துவப் பரிசோதனையும் பணி நியமனக் கடிதமும் புதிய சட்டம் தரும் உரிமைகள். குறையும் உண்டு. மின்சாரத்தில் இயங்கும் இடம் தொழிற்சாலையாகக் கருதப்பட முன்பு பத்துப் பேர் போதும், இப்போது இருபது பேர் வேண்டும். சிறு கிரஷர்களில் பலவற்றில் அத்தனை பேர் பதிவேட்டில் இருப்பதில்லை. கடும் தூசி உள்ள இடங்கள் சட்டத்தின் பார்வையிலிருந்து நழுவ இந்த எண் வழிவிடுகிறது.

இழப்பீடு இரண்டு வழியில் வரும். தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தில் (ஈ.எஸ்.ஐ.) பதிவான தொழிலாளிக்கு மருத்துவமும், ஊனத்துக்கு ஏற்ற மாதப் பணமும், இறந்தால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் பயனும் அந்தக் கழகமே தரும். ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு முதலாளி தர வேண்டும். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருந்த சிலிக்கோசிஸ், இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. ஒருவர் பல முதலாளிகளிடம் வேலை செய்திருந்தால் அவர்கள் பங்கிட்டுத் தர வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவருக்கு முதன்மை முதலாளி பொறுப்பு. இழப்பீட்டைத் தாமதித்தால் வட்டியும் அபராதமும் உண்டு. ‘இனி எதுவும் கேட்கமாட்டேன்’ என்று சிறுதொகைக்குக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அந்த ஒப்பந்தம் உரிமையைப் பறிக்காது. வடமாநிலத் தொழிலாளி ஊர் திரும்பிவிட்டால், அவர் வசிக்கும் இடத்திலேயே மனுப் போடலாம்.

மத்தியப் பிரதேசத்தின் பழங்குடிக் கிராமங்களிலிருந்து குஜராத்தின் படிகக்கல் அரைக்கும் ஆலைகளுக்குப் போனவர்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். யாரிடமும் நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. 2006-இல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தரும்படி உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. இராஜஸ்தான் 2019-இல் தனிக் கொள்கையே வகுத்தது. நோய் சான்றளிக்கப்பட்டதும் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம். முதலாளி யார் என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லாமல் அரசே முதலில் கொடுப்பதுதான் அதன் சிறப்பு. குவாரிகள் நிறைந்த மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றுவதே நியாயம்.

தூசி வேலையில் இருப்பவர் ஆண்டுக்கொரு முறை நெஞ்சு எக்ஸ்ரேயும், ஊதிப் பார்க்கும் நுரையீரல் திறன் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். பழைய படங்களை எறியாமல் வைத்திருந்தால் நோய் எப்போது தொடங்கியது என்பதைக் காட்டலாம். நியமனக் கடிதம் இல்லாவிட்டால் சம்பளம் வந்த வங்கிக் கணக்கு, வருகை அட்டை, வேலையிடத்தில் எடுத்த படம், உடன் வேலை செய்தவரின் வாக்குமூலம் எல்லாம் உதவும். ஆலை தூசியைக் கட்டுப்படுத்தாவிட்டால் தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஆள் அமர்த்தித் தரும்.

கால வரம்பு ஒன்று உண்டு. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் இழப்பீடு கேட்க இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுக்கவும் இடம் வைத்தது. அந்தச் சலுகையை நம்பிக் காத்திருக்காமல், நோய் உறுதியான உடனே மனுச் செய்துவிட வேண்டும். தொழிலாளி இறந்துவிட்டால், இறப்புக்கான மருத்துவச் சான்றில் வெறும் ‘காசநோய்’ என்றோ ‘மூச்சுத்திணறல்’ என்றோ எழுத விடாமல், சிலிக்கோசிஸ் இருந்ததைச் சேர்க்கும்படி குடும்பத்தார் அப்போதே மருத்துவரிடம் கேட்க வேண்டும். உடலை எடுத்த பிறகு அதை நிரூபிக்க எக்ஸ்ரே படங்களும் மருத்துவமனைச் சீட்டுகளும்தான் மிஞ்சும், அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.