கல்லூரியை முன்னரே கண்டு வாருங்கள்

மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, சேர விரும்பும் மாணவர் வந்து பார்ப்பதற்கென்றே சில நாட்களை ஒதுக்குகின்றன. நம் நாட்டில் அவ்வழக்கம் அரிது. ஆயினும் ஆட்டிசம் உள்ள உங்கள் பிள்ளைக்கு அப்படியொரு நாளை நீங்களே ஏற்படுத்தலாம்.

குன்னத்துகாலில் இருப்போருக்குத் தனுவச்சபுரம் கல்லூரியும், எல்லை கடந்தால் மார்த்தாண்டம் நேசமணி கல்லூரியும் அருகிலுள்ளவை. அனுமதி பெற்று இருமுறை செல்லுங்கள்: அமைதியான விடுமுறையில் ஒருமுறை, மணியோசையும் கூட்டமும் நிறைந்த வேலைநாளில் மறுமுறை. தினமும் செல்லவேண்டிய பேருந்திலேயே செல்லுங்கள். புதிய இடமும் திடீர் இரைச்சலும் ஆட்டிசம் உள்ளோர் பலரைக் கலங்கச் செய்யும். பழகிய இடம் அச்சத்தைக் குறைக்கும். இரைச்சல் மிகுந்தால் ஒதுங்கியிருக்க இடமுண்டா, தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று கேட்டறியுங்கள். கேள்விகளைப் பிள்ளையே எழுதி வரட்டும். பிள்ளை பேசுமுன் நீங்கள் முந்திக்கொள்ளாதிருங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில், 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உண்டெனச் சான்று பெற்றோருக்குக் குறைந்தது 5 சதவீத இடங்களை அது ஒதுக்குகிறது. எல்லையின் இருபுறமும் சட்டம் ஒன்றே. ஆகவே சான்றிதழை மறவாது கொண்டு செல்லுங்கள். எக்கல்லூரி என்பதைப் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும்.