சதுர அடைப்பிலிருந்து நினைவகத்துக்கு

ஒரு கணிப்பொறி மற்றொன்றுக்குத் தரவு அனுப்புகையில், அத்தரவு இன்று பெரும்பாலும் ஜேசான் என்னும் எளிய உரைவடிவத்திலேயே பிரயாணம் செய்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நிரலாளர் டக்ளஸ் கிராக்ஃபோர்டு வரையறுத்துப் பரப்பிய அம்முறை, 2006ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. என்னும் இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்து, 2017இல் இணையத்தின் முழுத் தரநிலை என்ற அந்தஸ்தை எய்திற்று. அதன் இலக்கணம் மிகச் சுருக்கமானது. ஆயினும் அதில் அணி என்று வழங்கும் உறுப்பு, அதாவது சதுர அடைப்புக்குள் காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு வரிசையாக நிற்கும் மதிப்புகளின் தொடர், எண்ணையும் எழுத்துச் சரத்தையும் மற்றோர் அணியையும் தன்னுள் கலந்து வைத்துக்கொள்ளும் பூரண சுதந்திரம் படைத்தது.

கம்பைலர் கொண்டு இயந்திரக் கட்டளைகளாக மாற்றப்படும் மொழிகளோ அத்தகைய சுதந்திரத்தை எளிதில் அனுமதிப்பதில்லை. அச்சுக்கூடத்து எழுத்துப் பெட்டியில் ஒவ்வோர் அறையும் இன்ன எழுத்துக்கென்று முன்னரே ஒதுக்கப்பட்டிருப்பது போல, இம்மொழிகளில் ஒவ்வொரு மதிப்பும் நினைவகத்தில் எத்தனை பைட்டு கொள்ளும், எவ்வகையினது என்பது நிரல் ஓடுவதற்கு முன்பே நிர்ணயமாகியிருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் சமரசம் செய்துவைக்கும் பணியைக் கோ மொழியில் வைத்துக் காண்போம். கூகுள் நிறுவனத்தில் ராபர்ட் கிரீசெமர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவர் 2007இல் வகுக்கத் தொடங்கி, 2009இல் உலகறிய வெளியிட்ட அம்மொழியின் நூலகத்திலேயே இதற்கான கருவி அமைந்திருக்கிறது.

வானிலை நிலையங்களின் அறிக்கை ஓர் அணியாக வருகிறது என்று கொள்வோம். அணியின் ஒவ்வோர் உறுப்பிலும் ஊர்ப்பெயர், வெப்பநிலை, மழையளவு என்னும் மூன்று விவரங்கள் உள்ளன. நிரலாளர் முதலில் இம்மூன்று புலங்களைக் கொண்ட ஸ்ட்ரக்ட் ஒன்றை அறிவித்து, அத்தகையவை பல அடுக்கிய, நீளம் மாறக்கூடிய ஸ்லைஸ் என்னும் வரிசையைக் கருவியிடம் ஒப்படைக்கிறார். கருவி உடனே நிரப்பத் தொடங்கிவிடுவதில்லை. வந்த உரை முழுவதையும் ஒருமுறை தலைமுதல் கால்வரை படித்து, அடைப்புகள் சரியாக மூடப்பட்டனவா, கடைசி உறுப்பின் பின் தவறாகக் காற்புள்ளி நிற்கிறதா என்று பரிசீலிக்கிறது. இலக்கணப் பிழை ஒன்று இருப்பினும் நிரலாளரின் ஸ்லைஸைத் தொடாமலே பிழையை அறிவித்து நின்றுவிடுகிறது. பாதி நிரம்பிய தரவு, தரவே இல்லாமையைக் காட்டிலும் அபாயமானதாகையால், இந்த இரட்டை வாசிப்புக்குச் செலவாகும் நேரம் வீணல்ல என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது வாசிப்பில்தான் நிரப்புதல் நிகழ்கிறது. திறக்கும் சதுர அடைப்பைக் கண்டதும் ஸ்லைஸின் நீளம் பூஜ்யமாக்கப்படுகிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இடம் சேர்க்கப்படுகிறது. இடம் போதாதாயின் பெரிய நினைவகப் பகுதி பெறப்பட்டு, முன்னவை அங்கே பிரதி செய்யப்படுகின்றன. '38.4' என்ற நான்கு எழுத்துக்களும் இங்கேதான் தசம எண்ணாக உருமாறுகின்றன. அந்தப் புலம் முழு எண்ணுக்கென அறிவிக்கப்பட்டிருந்தால் வகைப்பிழை எழும். அப்போது கருவி அந்த ஒரு புலத்தை விட்டுவிட்டு, எஞ்சியவற்றை இயன்றவரை நிரப்பி, முடிவில் முதற்பிழையை மட்டும் தெரிவிக்கும். ஆகவே பிழை வந்ததா என்று பாராமல் ஸ்லைஸை எடுத்தாள்வது ஒருபோதும் தகாது.

கருவி பிழை கூறும் இடங்களைவிட மௌனமாயிருக்கும் இடங்களே அதிக ஜாக்கிரதையை வேண்டுவன. ஒரு நிலையம் மழையளவைக் குறிப்பிடாமலே அறிக்கை அனுப்பினால் பிழை எதுவும் எழாது. அப்புலம் பூஜ்யமாகவே நிற்கும். மழை பெய்யாத நாளும், மழைமானி பழுதான நாளும் நினைவகத்தில் ஒன்றாகிவிடுகின்றன! அப்புலத்தைச் சுட்டி வகையாக, அதாவது மதிப்பு இருக்கும் நினைவக இடத்தைக் காட்டும் வகையாக அறிவித்தால், மதிப்பு வராதபோது சுட்டி எதையும் சுட்டாமல் நிற்க, இரண்டும் தெளிவாகப் பிரியும். ஸ்லைஸுக்குப் பதிலாக மூன்றே இடங்கொண்ட நிலையான அணியைக் கொடுத்தாலும் கருவி இவ்வாறே மௌனம் காக்கும். நான்காவது உறுப்பு சத்தமின்றிக் கைவிடப்படும்.

வகையே அறிவிக்காமல் பொதுவாக வாங்கிக்கொண்டால் என்ன என்று சிலர் வினவலாம். அவ்வாறு செய்தால் கோ மொழி எண்கள் யாவற்றையும் 64 பிட்டு மிதவைப் புள்ளி எண்களாகவே கொள்ளும். 9007199254740993 என்று வந்தது 9007199254740992 ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலும் இதே இடர் இருந்தமையால்தான், 2010இல் ட்விட்டர் நிறுவனம் தன் செய்திகளுக்கு 64 பிட்டு அடையாள எண்களை வழங்க முற்பட்டபோது, அதே எண்ணைச் சர வடிவிலும் உடன் அனுப்ப நேர்ந்தது. புலத்தை 64 பிட்டு முழு எண் என்று அறிவித்துவிட்ட கோ நிரலில் கடைசி இலக்கம் பத்திரமாக இருக்கும்.

தமிழர் அறிய வேண்டிய மௌனம் இன்னொன்று உண்டு. ஜேசானில் புலப்பெயரைத் தமிழில் எழுதத் தடையேதும் இல்லை. ஆனால் கோ மொழியின் இந்தக் கருவி, ஸ்ட்ரக்டின் புலத்துக்கு நாம் சூட்டும் ஜேசான் பெயரில் எழுத்து, இலக்கம், சில குறிகள் ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். யூனிகோடோ நம் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்து என்று கணக்கிடாமல், துணைக்குறி என்று வகுத்திருக்கிறது. 'ஊர்' என்று சூட்டிய பெயர் அப்புள்ளி ஒன்றினாலேயே பிழைச்செய்தியின்றிப் புறக்கணிக்கப்பட்டு, அப்புலம் வெறுமையாகவே நின்றுவிடும். நம் எழுத்தின் அங்கமான குறிகள் இவ்வாறு விடுபட்டிருப்பது வருத்தத்துக்குரியது. சரத்தைச் சாவியாகக் கொண்ட மேப் என்னும் அமைப்புக்கு இந்தத் தடை கிடையாது; ஆதலால் அந்த ஸ்ட்ரக்டுக்கென்று தனியாகப் படிக்கும் முறை ஒன்றை எழுதி, ஒவ்வோர் உறுப்பையும் முதலில் மேப்பில் வாங்கி, பின்னர் தமிழ்ச் சாவிகளைக் கொண்டு புலம் புலமாக உரிய வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த ஸ்ட்ரக்டுகளின் ஸ்லைஸை ஒப்படைக்கும்போது, அணியின் ஒவ்வோர் உறுப்புக்கும் கருவி நம் முறையையே அழைத்துக்கொள்ளும்.