நார்னியாவுக்குள் எந்த வாசல் வழியாகப் போவது?

சி.எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதைகள் ஏழு. பிள்ளைகளுக்கு அந்த ஏழையும் சேர்த்து வாங்கித் தருகிறவர்கள், முதுகில் 1 என்று போட்டிருக்கும் புத்தகத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் பதிப்பில் அந்த 1, ‘த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’. உண்மையில் அது ஆறாவதாக, 1955-ல் வெளிவந்த நாவல். அதில் தொடங்கும் பிள்ளை இந்தக் கதைகளின் ஆகப் பெரிய சந்தோஷத்தை இழந்துவிடும்.

1950-ல் முதலில் வந்தது ‘த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்’. லூசி என்ற சிறுமி ஒரு காலி அறையில் இருக்கும் துணி அலமாரிக்குள் நுழைகிறாள். உள்ளே ரோமக் கோட்டுகள். அவற்றை விலக்கிக்கொண்டு போகப் போக, காலடியில் ஏதோ நொறுங்குகிறது. அந்துருண்டையோ என்று குனிந்து தொட்டால், சில்லென்ற பனி. முகத்தில் உரசுவது கோட்டு இல்லை, மரக்கிளை. சற்றுத் தள்ளி, நடுக்காட்டில் ஒரு விளக்குக் கம்பம். பிறகு குடையும் பொட்டலங்களுமாக, ஆட்டுக்கால்களோடு ஒருவர் வருகிறார்.

காட்டுக்குள் விளக்குக் கம்பம் எப்படி வந்தது? லூசிக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. தெரியாமலே சில வருஷம் அது மனதில் கிடக்க வேண்டும். ‘மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ அதற்குப் பதில் சொல்கிறது: லண்டன் தெருவில் சூனியக்காரி பிடுங்கிய இரும்புத் துண்டு நார்னியாவின் புது மண்ணில் விழுந்து, செடிபோல் முளைத்துக் கம்பமாகிறது. கேள்வியோடு வருகிறவருக்கு அந்தப் பக்கம் புல்லரிக்கும். கேள்வியே எழாதவருக்கு அதுவும் பல அதிசயங்களில் ஒன்று, அவ்வளவுதான். அலமாரிக்கும் இப்படி ஒரு பிறப்புக் கதை உண்டு. அதை இங்கே சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

அஸ்லான் என்ற பெயர் முதன்முதலாகக் காதில் விழும் இடத்தில், அது யாரென்று உங்களைப் போலவே லூசிக்கும் அவள் கூடப்பிறந்த மூவருக்கும் தெரியாது என்கிறார் லூயிஸ். 1 என்ற எண்ணை நம்பிப் படித்தவருக்கு இந்த வரி பொய்யாகிவிடுகிறது. அஸ்லான் நார்னியாவையே படைத்ததை அவர் முன்பே பார்த்துவிட்டாரே!

அமெரிக்கப் பதிப்புகளில் முன்பு வெளிவந்த வரிசையில்தான் எண் இருந்தது. 1994-ல் ஹார்ப்பர்காலின்ஸ் அதைக் கதை நடக்கும் கால வரிசைக்கு மாற்றியது. ஆதாரமாகக் காட்டப்படுவது 1957-ல் லூயிஸ் ஒரு அமெரிக்கச் சிறுவனுக்கு எழுதிய கடிதம். கால வரிசை வேண்டும் என்றான் பையன். வெளிவந்த வரிசை என்றார் அம்மா. லூயிஸ் பையன் பக்கம் சாய்ந்தார். ஆனால் எந்த வரிசையில் படித்தாலும் பெரிதாக ஒன்றும் இல்லை என்று அதே கடிதத்தில் சொல்லியும் இருக்கிறார். ஒரு குழந்தையிடம் அன்பாகச் சொன்ன வார்த்தையை உலகத்துக்கே விதியாக்கியது சரியில்லை.

இவ்வளவுக்கும் இடம் மாறுவது இரண்டே புத்தகங்கள்தாம். மற்றொன்று ‘த ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’. புதுப் பதிப்பில் அது மூன்றாவது. லூசியும் கூடப்பிறந்தவர்களும் அடுத்து என்ன ஆனார்கள் என்று துடிக்கும் பிள்ளையை, முன்பின் தெரியாத பாலைவன நாட்டுக்கும் ஷாஸ்டா என்ற புதுப் பையனிடமும் கொண்டுபோய் விடுகிறது. வெளிவந்த வரிசையில் அது ஐந்தாவது. அதற்கு முந்தைய ‘த சில்வர் சேர்’ கதையில் அந்த நால்வரில் ஒருவர்கூட வருவதில்லை. அவர்களுக்காக ஏங்கிக்கிடக்கும்போது, லூசியும் எட்மண்டும் சூசனும் வளர்ந்து அரசாளும் காலத்தில் மறுபடி கண்முன் வந்து நிற்கிறார்கள். அந்தக் கதைக்குப் பொருத்தமான இடம் அதுதான்.

இரண்டாம் முறை படிக்கும்போது கால வரிசையில் தாராளமாகப் போகலாம். முதல் முறைக்கு, உங்கள் வீட்டில் இருப்பது புதுப் பதிப்பு என்றால், பிள்ளையிடம் இப்படிக் கொடுங்கள்: முதலில் 2, பிறகு 4, 5, 6, அப்புறம் 3, அதன் பின் 1, கடைசியாக 7.