விமான விசிறிக்கு ஒரு கடிவாளம்

கவர்னர் என்ற சொல்லைக் கேட்டவுடன் மாளிகையும் காவலரும் நினைவுக்கு வருவது இயல்பே. நாம் இங்குச் சொல்ல வந்த கவர்னருக்கு அத்தகைய ஆடம்பரம் எதுவும் இல்லை. சிறு விமானத்தின் எஞ்சினில், மூடிகளின் மறைவில், எண்ணெய்ப் பிசுக்கோடு குடியிருக்கும் ஒரு கையடக்கக் கருவி அது. ஆயினும் அவ்விமானத்தில் செல்வோரின் உயிர் அதன் ஆட்சியையும் நம்பியே இருக்கிறது. விமானப் பராமரிப்புப் பயிலும் பிள்ளைகள் நம் இல்லங்கள் சிலவற்றிலும் உண்டு. அவர்கள் என்ன தொழில் செய்யப் போகிறார்கள் என்பதைப் பெற்றோரும் சிறிது அறிந்திருப்பது நலம் எனக் கருதி, இக்கருவியைக் கழற்றிச் சீர்செய்யும் முறையை இங்கே எடுத்துரைக்கிறோம்.

மிக எளிய விமானங்களில் சுழல்விசிறியின் அலகுகள் ஒரே சாய்வில் நிலைத்திருக்கும். செஸ்னா 182 போன்றவற்றிலோ அலகுகள் தம் சாய்வை மாற்றிக்கொள்ளும். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்க, 1977-இல் முதன்முதலாகப் பறந்த எச்.பி.டி.32 தீபக் பயிற்சி விமானத்திலும் இத்தகைய விசிறியே அமைந்திருந்தது. புறப்படும்போது சாய்வு குறைவாக இருந்தால் எஞ்சின் விரைவாகச் சுழன்று தன் முழு ஆற்றலையும் தரும். உயரே சென்றபின் சாய்வைக் கூட்டினால், குறைந்த சுழற்சியிலேயே விசிறி காற்றை நன்கு கவ்விச் செல்லும். மேட்டில் ஒரு பல்சக்கரமும் சமவெளியில் வேறொன்றுமாக மாற்றி மிதிக்கும் சைக்கிள்காரரின் உபாயமே இது.

விமானி ஒரு வேகத்தைக் குறித்துவிட்டால் அதனை இடையறாது காத்து நிற்பது கவர்னரின் கடமை. அதனுள்ளே சுழலும் இரு சிறு எடைகளும், அவற்றை எதிர்த்து அழுத்தும் ஒரு வில்சுருளும் இருக்கின்றன. திருவிழாவில் குடை ராட்டினம் வேகமாகச் சுற்றும்போது தொங்கும் இருக்கைகள் வெளிப்புறமாக விரிவதைக் கண்டிருக்கிறோம் அன்றோ? அவ்வாறே எஞ்சினின் வேகம் மிகும்போது எடைகள் விரிந்து ஒரு வால்வை நகர்த்துகின்றன. வேகம் தணியும்போது வில்சுருள் அதனை எதிர்த்திசையில் தள்ளுகிறது. ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி எஞ்சினுக்குப் பயன்படுத்திய தத்துவமே இது. அமெரிக்காவில் 1870-இல் நீர்ச்சக்கரங்களுக்குக் கவர்னர் செய்து தொழில் தொடங்கிய உட்வர்ட் நிறுவனம், பின்னாளில் விமான விசிறிகளுக்கும் கவர்னர் செய்து புகழ்பெற்றது.

கவர்னருக்குள் ஒரு சிறு பம்பும் உண்டு. அது எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 300 பவுண்டு அளவிற்கு உயர்த்துகிறது. பெரும்பாலான ஒற்றை எஞ்சின் விமானங்களில் இந்த எண்ணெய் விசிறியின் மையத்திற்குள் புகுந்து அலகுகளின் சாய்வைக் கூட்டும். சுமை ஏறவே வேகம் தணியும். கவர்னர் பழுதுற்று அழுத்தம் அற்றுப்போனால் அலகுகள் குறைந்த சாய்வுக்குத் திரும்பிவிடும். அப்போது எஞ்சின் கடிவாளம் அறுந்த குதிரைபோல வரம்பு கடந்து சுழலக்கூடும். அந்நிலையில் விமானி எஞ்சினின் ஆற்றலைக் குறைத்து, பறக்கும் வேகத்தையும் தணித்து, தரையிறங்க இடம் தேட வேண்டியதுதான்.

வேகம் ஏறியிறங்கி அலைபாய்ந்தால் உடனே கவர்னரைக் குற்றவாளியாக்குவது முறையன்று. எண்ணெயின் அளவு குறைந்திருக்கலாம். கட்டுப்பாட்டுக் கம்பி தளர்ந்திருக்கலாம். விசிறியின் மையத்திலேயே கசிவு இருக்கலாம். இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னரே ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும். எஞ்சினைப் புதுப்பிக்கும் காலத்திலும், எண்ணெயில் உலோகத் துகள் கண்ட காலத்திலும், விசிறி தரையில் மோதிய காலத்திலும் கவர்னரையும் சோதனைக்கு உட்படுத்துவது வழக்கம்.

முதற்காரியமாக மேக்னெட்டோ சுவிட்சை அணைத்து, சாவியை அகற்றி, பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதன் பின்னரும் விசிறியின் வழியில் நிற்கலாகாது. அணைந்ததாகக் கருதிய எஞ்சினும் ஒருகால் உயிர்பெற்றுவிடலாம். அடுத்து, கட்டுப்பாட்டுக் கம்பி கவர்னரின் கையோடு சேரும் இடத்தில் பூட்டு ஊசியை எடுத்து இணைப்பைப் பிரிக்க வேண்டும். கை இருந்த நிலையைக் குறித்துக்கொள்வது பின்னர்ப் பெரிதும் உதவும்.

கீழே ஒரு தட்டை வைத்துவிட்டு, கவர்னரைப் பற்றியிருக்கும் நான்கு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சில எஞ்சின்களில் நட்டுகள் வெளிவர இடம் போதாது. கவர்னரையும் உடன் உயர்த்திக்கொண்டே கழற்ற நேரும். கருவியை நேராக இழுத்து எடுக்க வேண்டுமேயன்றி, இணைப்பில் ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்புதல் கூடாது. வழவழப்பான பரப்பில் விழும் ஒரு கீறல் நாளை எண்ணெய்க் கசிவாகும். திறந்த வாயை உடனே மூடிவிட வேண்டும். பழைய கேஸ்கெட்டின் வலைச்சல்லடையில் உலோகத் துகள் தென்பட்டால், அது எஞ்சின் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதம் எனக் கொள்க.

கழற்றிய கவர்னரை ஹாங்கரில் திறந்து பார்க்க ஆவல் எழுதல் இயல்பே. எனினும் அதனைத் திறந்து சீர்செய்வது, அனுமதி பெற்ற தனிப் பட்டறைக்கு உரிய வேலை. அங்கே பாகங்களைப் பிரித்துத் தூய்மை செய்து, தேய்மானத்தை அளந்து, எஃகுப் பாகங்களில் வெடிப்பு உண்டா என்று காந்த முறையில் சோதித்து, ரப்பர் வளையங்களைப் புதிதாக இடுவர். பின்னர்ச் சோதனை மேடையில் ஏற்றி அழுத்தத்தையும் உச்ச வேகத்தையும் ஒழுங்கு செய்வர். வேறொரு கவர்னர் தோற்றத்தில் ஒத்திருக்கிறதே என்று அதனை எடுத்துப் பொருத்துவதும் பிழை. சுழலும் திசையும் எண்ணெய் செலுத்தும் முறையும் மாறுபட்டவை உண்டு. பாக எண்ணே அதன் உண்மையான பெயர்.

திரும்பப் பொருத்தும்போது புதிய கேஸ்கெட்டையே இட வேண்டும். சல்லடையின் மேடான பக்கம் பொதுவாகக் கவர்னரை நோக்கியிருக்கும். அந்தந்த விமானத்தின் கையேடே இதில் முடிவான பிரமாணம். அச்சின் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிடில் பலவந்தம் செய்யாது, சற்றே திருப்பிப் பொருத்துக. நட்டுகளைக் கையேடு கூறும் அளவுக்கு இறுக்கிப் பூட்டுக. விமானி தன் கட்டுப்பாட்டுக் குமிழை முழுவதும் முன்னே தள்ளும்போது, குமிழ் பலகையில் முட்டுமுன் கவர்னரின் கை தன் எல்லையைத் தொட்டுவிட வேண்டும்.

பின்னர் எஞ்சினை ஓட்டி, எண்ணெய் சூடேறிய பின் விசிறியின் சாய்வைப் பலமுறை கூட்டிக் குறைத்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிக் கசிவு பார்க்க வேண்டும். நின்ற நிலையில் எஞ்சின் குறித்த உச்ச வேகத்தை எட்டாமல் இருப்பதுண்டு. அங்கே வேகத்தைத் தடுப்பது அலகுகளின் குறைந்தபட்சச் சாய்வு எல்லையாக இருக்கலாம். அதனை உணராது கவர்னரின் திருகைத் திருப்பிவிட்டால், வானில் வேகம் வரம்பு மீறும். ஆகவே இறுதித் தீர்ப்பு சோதனைப் பறப்பிலேயே கிடைக்கிறது.

இவ்வளவும் முடிந்தபின் உரிமம் பெற்ற பொறியாளர் பதிவேட்டில் கையொப்பம் இடுகிறார். அவ்விமானத்தில் யார் ஏறுவர் என்பதை அவர் அறியார். ஏறுவோரும் அவர் முகத்தை அறியார். அறியாத இவ்விரு சாராரையும் இணைப்பது அந்த ஒரு வரியே. விமானம் இன்றே புறப்பட வேண்டும் என்று அவசரப்படுத்துவோர் எங்கும் உண்டு. கேஸ்கெட் வந்து சேரவில்லை, சோதனை முடியவில்லை என்றால், "இன்று பறக்க இயலாது" என்று சொல்லும் உறுதி அப்பொறியாளருக்கு வேண்டும்.

அந்த உறுதி பட்டறையில் மட்டும் வளர்வதன்று. பறக்கும் பிள்ளையைக் கொண்டாடி, எண்ணெய்க் கையோடு நள்ளிரவில் வீடு திரும்பும் பிள்ளையை "மெக்கானிக்தானே" என்று இளப்பமாகப் பேசும் வழக்கம் நம்மிடையே இருக்குமாயின் அதனை விட்டொழிப்போம். பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து பிழைக்கும் நமக்கு, நாணயமான உழைப்பே நற்பெயர் தேடித் தந்தது. கையொப்பமிட மறுத்ததனால் மேலதிகாரியின் கோபத்திற்கு ஆளாகி ஒரு மகனோ மகளோ வாடிய முகத்துடன் வீடு வந்தால், காரணத்தைக் கேட்டறிந்து, "செய்தது சரி" என்று சொல்லிச் சோறிடுவோமாக.